காட்டுக் குதிரைப் பண்ணையில் தங்கி என்னென்ன கைத்தொழில் கற்கலாம்?

கேள்வி: அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுக் குதிரைகளைப் பராமரிக்கும் பண்ணை ஒன்றில் ஓராண்டு தங்கி வேலை செய்ய ஆசை. முன் அனுபவம் கிடையாது. குதிரை பழக்குவது, லாடம், வெல்டிங், வேலி என்று கைத்தொழில்களைக் கற்றுக்கொண்டு திரும்ப முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

முடியும். வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தினால் ஓராண்டில் மூன்று நான்கு தொழில்களின் அடிப்படை கைக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். முதலில் வேலி, அடுத்தது தண்ணீர், பிறகு வெல்டிங். கோடையில் புல். குளம்பு வேலை கடைசியில். குதிரை பழக்குவது இவை அத்தனைக்கும் ஊடே மெதுவாக நடக்கிற பாடம், அதற்கென்று தனியாக அவசரப்பட வேண்டாம்.

வேலியை முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மனிதரோடு வளர்ந்த குதிரை தளர்ந்த கம்பியையும் ஆடுகிற கதவையும் பொறுத்துக்கொள்ளும், பக்கத்திலேயே நின்று மேயும். மனிதவாடையே அறியாத குதிரை மிரண்டால் 350, 400 கிலோ எடையோடு நேராகப் போய் மோதும். கம்பம், கீல், பற்றவைத்த மூட்டு மூன்றில் எது பலவீனமோ அது அந்த நொடியில் தெரிந்துவிடும். உடைந்தால் குதிரைக்குக் கால் முறியலாம், நடுவில் நிற்கிற மனிதருக்கு உயிரே போகலாம். வேறு இடத்தில் "சரி, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடக்கூடிய வேலையை இங்கே அப்படி விட முடியாது. கைத்தொழில் கற்க இதைவிடக் கண்டிப்பான இடத்தை நான் அறியேன். அதனால்தான் உங்கள் ஆசையை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

முதலில் எந்த மாதிரிப் பண்ணை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மூன்று வேறு வேறு இடங்கள் இருக்கின்றன. 1971 டிசம்பரில் வந்த சட்டப்படி, பொது நிலங்களில் திரியும் காட்டுக் குதிரைகளும் கழுதைகளும் கூட்டரசின் பாதுகாப்பில் உள்ளன. நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன் அது. பி.எல்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நில மேலாண்மைப் பணியகம்தான் பெரும்பாலான குதிரைகளுக்குப் பொறுப்பு. நிலம் தாங்கக்கூடியது கழுதைகளையும் சேர்த்து 25,500 சொச்சம் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் வெளியில் திரிந்தவை மட்டும் சுமார் 73,500. அதனால் ஆண்டுதோறும் ஒரு பகுதியைப் பிடித்துப் பட்டிகளுக்கும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களுக்கும் அனுப்புகிறார்கள். அந்த ஒப்பந்த மேய்ச்சல் நிலங்கள் முதல் வகை. அங்கே நிலமும் வேலியும் தண்ணீரும்தான் வேலை, குதிரையைத் தொடவே மாட்டீர்கள். இரண்டாவது, குதிரைகளைக் கடைசிவரை காட்டுத்தனத்தோடே வாழவிடும் சரணாலயங்கள். டேட்டன் ஹைட் 1988-இல் தெற்கு டகோட்டாவில் தொடங்கிய பிளாக் ஹில்ஸ் சரணாலயம் இந்த வகை. மூன்றாவது, பிடிபட்ட குதிரைகளைப் பழக்கி, தத்தெடுப்பவரிடம் ஒப்படைக்கும் சிறு பண்ணைகள். பல தொழில்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மூன்றாவதைத் தேடுங்கள். கூட்டம் சிறியது, கருவிக்கொட்டகை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், எல்லா வேலையையும் எல்லோரும் செய்வார்கள்.

வேலிக்கு வருவோம். பழகாத வளர்ந்த குதிரையைத் தத்தெடுக்க பி.எல்.எம். கேட்கும் குறைந்தபட்ச ஏற்பாடு: 6 அடி உயர அடைப்பு, ஒரு குதிரைக்கு 400 சதுர அடி இடம், முள்கம்பி கூடவே கூடாது. முள்கம்பி மாட்டுக்காக வந்தது. இலினாய் விவசாயி ஜோசப் கிளிடன் 1874-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மாடு முள் குத்தினால் பின்வாங்கும். குதிரை சிக்கிக்கொண்டால் உதறிக்கொண்டு ஓடப் பார்க்கும், தோலும் தசையும் கிழிந்துபோகும். எனவே பட்டிக்கு இரும்புக் குழாய், மேய்ச்சல் நிலத்துக்கு முள்ளில்லாத கம்பி அல்லது நெருக்கமான பின்னல் வலை.

மேய்ச்சல் நில வேலியில் கற்க வேண்டிய முதல் பாடம் மூலைக் கம்பம். நடுக் கம்பங்கள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க மட்டுமே. முறுக்கேற்றிய கம்பி நான்கைந்து வரிசையாக இழுக்கிற மொத்த இழுவையையும் மூலைதான் தாங்குகிறது. மூலைக் கம்பத்துக்கு ஏழெட்டு அடி தள்ளி இன்னொரு கம்பம் நட்டு, இரண்டின் மேற்பகுதியையும் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைப்பார்கள். பிறகு உள்பக்கக் கம்பத்தின் தலையிலிருந்து மூலைக் கம்பத்தின் அடிக்கு ஒரு கம்பியைச் சாய்வாகச் சுற்றி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்குவார்கள். எந்தத் தலையிலிருந்து எந்த அடிக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாற்றிக் கட்டினால் அந்தக் கம்பி எதையும் தாங்காது. இழுவை எந்தப் பக்கம் போகிறது, எது தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று இதை வைத்து ஒருமுறை புரிந்துகொண்டால் பிற்பாடு கூரை, பரண், கொட்டகை எது கட்டினாலும் அந்த அறிவு துணைக்கு வரும்.

குழியின் ஆழத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மண் உறையும் ஊர்களில், உறையும் ஆழத்துக்கு மேலேயே நின்றுவிட்ட கம்பத்தை ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக மண் வெளியே தள்ளும். ஜூலையில் அசையாமல் நின்ற வேலி ஏப்ரலில் தொளதொளவென்று ஆடும்.

பட்டியின் வடிவமும் முக்கியம். கூர்மையான மூலை இருந்தால் மிரண்ட குதிரைகள் அதற்குள் போய் ஒன்றன்மேல் ஒன்று நெரியும். அதனால் மூலைகளை வளைத்துவிடுவார்கள், அல்லது குறுக்கே பலகை அடித்து மழுக்கிவிடுவார்கள். கதவு மாட்டும்போது மேல் கீலின் முளை ஒரு திசையிலும் கீழ்க் கீலின் முளை எதிர்த்திசையிலும் இருக்க வேண்டும். இரண்டும் மேல்நோக்கி இருந்தால் குதிரை தலையை அடியில் கொடுத்துக் கதவையே கழற்றிவிடும். புதிதாக வந்த குதிரைக்குக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. மேல்வரிசையில் துணிப்பட்டைகள் கட்டி, பகலில் மட்டும் அவிழ்த்துவிட்டு, வேலி எங்கே இருக்கிறது என்று அது தானே கற்றுக்கொள்ள விட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு குதிரைக்குச் சாதாரண நாளில் 30 முதல் 40 லிட்டர், வெயிலிலும் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் அதைவிட நிறைய. ஐம்பது குதிரை என்றால் தினமும் 1,500 லிட்டருக்குக் குறையாது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சூரிய ஒளியில் ஓடும் பம்ப் ஏற்றித் தரும் இடங்கள் இப்போது அதிகம். எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்கு, குழாயில் உரசி எவ்வளவு அழுத்தம் போகிறது, மேகமூட்டமான மூன்று நாளுக்கு எவ்வளவு சேமிக்க வேண்டும் என்ற கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். தொட்டியில் மிதவை வால்வு மாட்டுவது, குழாய் இணைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

கடினமானது குளிர்காலத் தண்ணீர். உறையாத குழாய் என்று ஒன்று உண்டு. அதன் வால்வு தரைக்கு மேலே இருக்காது, மண் உறையும் ஆழத்துக்குக் கீழே இருக்கும். கைப்பிடியை மூடியதும் குழாயில் நிற்கும் தண்ணீர் அடியில் உள்ள சிறு துளை வழியாக மண்ணுக்குள் வடிந்துவிடும், உறைய எதுவும் மிஞ்சாது. அந்தத் துளையைச் சுற்றிச் சரளைக்கல் நிரப்பாமல் களிமண்ணைத் தள்ளி மூடியிருந்தால் தண்ணீர் வடியாது, முதல் கடுங்குளிரிலேயே குழாய் வெடிக்கும். குழாய் வேலை என்று இதைச் சுருக்கிவிட முடியாது. குளிர்ந்த தொட்டியில் குதிரை போதுமான தண்ணீர் குடிக்காவிட்டால், தின்ற காய்ந்த புல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்து வயிற்றுவலி பலவற்றுக்கு மூலம் அதுதான். காலையில் தொட்டியின் பனிக்கட்டியை உடைக்கப் போகிறவர்தான் அந்தப் பண்ணையின் முதல் மருத்துவர்.

வெல்டிங்கைப் பண்ணையில் கற்பதில் ஒரு நன்மை, ஒரு தீமை. நன்மை, பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய்க் கிணறுகளில் பயன்பட்டுக் கழித்த துளைக்குழாய்கள் பட்டி கட்டத் தோதானவை. தடித்தவை, ஆண்டுக்கணக்கில் நிற்கும். தீமை, அவை துருவும் அழுக்கும் படிந்தவை. தொழிற்பள்ளியில் சுத்தமான தகட்டில் பழகியவருக்கே முதலில் கை தடுமாறும். 6011 என்ற எண்ணுள்ள வெல்டிங் ராடு துருவையும் பெயின்ட்டையும் ஊடுருவிப் பிடிக்கும், வயலில் அதுதான் கைகொடுக்கும். 7018 உறுதியான மூட்டு தரும். ஆனால் இரும்பு சுத்தமாகவும் ராடு ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். குழாயைக் குழாயோடு பொருத்த முனையை மீன்வாய் போல வளைத்து வெட்டுவார்கள். அந்த வெட்டு சரியாக வந்தால் பற்றவைப்பது பாதி முடிந்த மாதிரி.

துத்தநாகம் பூசிய குழாயில் கவனம் வேண்டும். பூச்சைச் சுரண்டாமல் பற்றவைத்து அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிர்ஜுரம் வந்து நடுக்கும். பூச்சை அகற்றுங்கள், காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள், தகுந்த முகமூடி போடுங்கள். காய்ந்த புல்வெளியில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டியும் ஆளும் பக்கத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. இன்னொன்று, நிமிர்ந்து நிற்கும் குழாயின் வாயை மூடிவிடுங்கள். திறந்திருந்தால் மழைநீர் இறங்கி, உறைந்து, குழாயைப் பிளக்கும். பொந்தில் கூடு கட்டும் சிறு பறவைகள் உள்ளே இறங்கி, வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் செத்துப்போகும். மேற்கு மாநிலங்களில் சுரங்க எல்லை காட்ட நட்ட குழாய்களுக்குள் அப்படி மடிந்த பறவைகள் ஏராளம். ஒரு சின்ன மூடிதான். பற்றவைத்துவிட்டுப் போங்கள்.

கோடை முழுவதும் புல். குதிரைக்கு அதன் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை தினமும் உலர்ந்த தீவனம் வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் நிலத்தில் இது எத்தனை டன் என்று பெருக்கிப் பாருங்கள். அறுப்பது, காயவைப்பது, வரிசைப்படுத்துவது, கட்டுவது எல்லாவற்றிலும் ஈரம்தான் எஜமானன். சிறு கட்டுகளுக்கு 15 முதல் 18 சதவீதம் வரை பரவாயில்லை. 20-ஐத் தாண்டினால் கட்டுக்குள் நுண்ணுயிர் பெருகி உள்ளே சூடேறும். அடுக்கி வைத்த சில வாரங்களுக்கு நீண்ட வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். 65 டிகிரி செல்சியஸ் வந்தால் எச்சரிக்கை, 80-ஐ நெருங்கினால் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். அந்த நிலையில் போரின் மேல் ஏறக் கூடாது. உள்ளே கருகிக் குழிந்திருக்கலாம், ஆள் அப்படியே இறங்கிவிடுவார்.

டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள், அது எளிது. என்ஜின் விசையைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கடத்திச் சுழலும் பிடிஓ தண்டுக்கு மட்டும் என்றைக்கும் பயப்படுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது. உறை இல்லாத தண்டோடு வேலை செய்யச் சொல்லும் பண்ணையில் ஒரு நாள்கூடத் தங்காதீர்கள். அங்கே மற்ற விஷயங்களும் அப்படித்தான் இருக்கும்.

குளம்பு மாதத்துக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். வறண்ட பாறை நிலத்தில் நாளெல்லாம் நடக்கும் குதிரைக்கு அது தானே தேய்ந்துவிடும். அதே குதிரை மென்மையான மேய்ச்சலுக்கு வந்ததும் வளர்ந்து, பிளந்து, நடையையே கெடுக்கும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சமன்செய்ய வேண்டும். லாடம் அடிப்பது இங்கே அரிது, குளம்பைச் சீர்செய்வதே பெரும்பாலான வேலை. குறடு, குளம்புக் கத்தி, அரம் மூன்றும் போதும். எவ்வளவு வெட்டலாம் என்று கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனையோ குளம்புகள் பார்க்க வேண்டும். குளம்பில் உயிருள்ள பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் அந்தக் குதிரை நொண்டும், பிறகு யாரிடமும் காலைத் தராது. எனவே ஓராண்டில் இதை முழுத் தொழிலாகக் கற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். லாடம் அடிக்கும் அனுபவசாலி வரும் நாள்களில் கருவி எடுத்துக் கொடுத்து, குதிரையைப் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்டுப் பழகுங்கள். கழிவு மரத்திலோ மருத்துவர் தரும் இறந்த குதிரையின் குளம்பிலோ அரம் பிடிக்கப் பழகலாம். பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே லாட வேலை செய்யலாம். அமெரிக்காவில் பொதுவாக உரிமம் கட்டாயமில்லை. அதனாலேயே அரைகுறையாகக் கற்றவர் கையில் குதிரைகள் படும் பாடு அதிகம். அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேர வேண்டாம்.

கயிறும் தோலும் மாலைநேர வேலை. இறுகினாலும் அவிழ்க்க வருகிற முடிச்சுகள், ஒரே இழுப்பில் விடுபடும் கட்டு, கயிற்றிலேயே தலைக்கயிறு பின்னுவது, இரண்டு ஊசியால் இருபுறமிருந்தும் தைக்கும் சேணத் தையல். இந்தத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், எந்திரத் தையல் மொத்தமாகப் பிரிந்துவிடும். கையில் இருக்கும்வரை கைவிடாத திறமை இது.

இனி குதிரை. குதிரைக்கு ஏறத்தாழ எல்லாப் பக்கமும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. நீங்கள் அதற்குள் காலெடுத்து வைத்தால் நகரும், வெளியே வந்தால் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் முன்னே போகும், முன்னாலிருந்து நெருங்கினால் பின்வாங்கித் திரும்பும். கத்தலும் சாட்டையும் இல்லாமல், எங்கே நிற்கிறோம் என்பதை வைத்தே ஒரு கூட்டத்தைப் பட்டிக்குள் கொண்டுவர இந்த இரண்டும் போதும். பழக்குவதும் இதன் நீட்சிதான். நெருக்கிப் பார், அது ஒரு காது திருப்பினாலும் அந்த நொடியே விலகு. அந்த விலகல்தான் அதற்குக் கிடைக்கிற பதில். நொடி தப்பினால் தவறானதைக் கற்பித்துவிடுவோம். டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்றவர்கள் மேற்கு மாநிலப் பண்ணைகளில் பரப்பிய வழி இது. அடித்து மடக்கும் பழைய முறையை இன்னும் பெருமையாகப் பேசும் இடங்களும் உண்டு. அங்கே போகாதீர்கள்.

இதோடு உடல்நிலை பார்க்கவும் வந்துவிடும். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, ஈறு இளஞ்சிவப்பு. தொட முடியாத குதிரையிடம் தூரத்திலிருந்தே மூச்சையும் லத்தியையும் நிற்கிற நிலையையும் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். ஊசி, மருந்து, காயடிப்பு எல்லாம் கால்நடை மருத்துவர் வேலை.

இப்படிக் கற்றது வெளியே செல்லுமா என்ற சந்தேகம் வரலாம். கொலராடோவின் கேன்யன் சிட்டி சிறையில் 1986 முதல் கைதிகள் காட்டுக் குதிரைகளைப் பழக்கியிருக்கிறார்கள். நெவாடாவின் கார்சன் சிட்டியிலும் வயோமிங்கின் ரிவர்டனிலும் அப்படியே. அவர்கள் கையில் பழகிய குதிரைகள் எல்லைக் காவல் படையில் வேலை செய்கின்றன. அதற்கு முன் குதிரையோடு பழகியதே இல்லாதவர்கள் அந்தக் கைதிகளில் பலர். வெல்டிங்கைப் பொறுத்தவரை, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் தேர்வில் எங்கே படித்தீர்கள் என்று கேட்பதில்லை, பற்றவைத்துக் காட்ட வேண்டும், சோதனையில் தேற வேண்டும். குளம்பு வேலைக்கும் அமெரிக்க லாடத் தொழிலாளர் சங்கம் படிப்படியான தேர்வுகள் வைத்திருக்கிறது.

பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைகளின் படங்களைப் பார்த்து மயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: கருவிக்கொட்டகையில் யார் கற்றுத் தருவார், வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை நேரம் கற்பது, விபத்து நேர்ந்தால் காப்பீடு யாருடையது, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், தங்குமிடத்தில் குளிர்காலச் சூடு உண்டா. பதில்களை எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய், சம்பளம் இல்லை, உணவும் இடமும் மட்டும்தான் என்று வேலை செய்தாலும் அது வேலையாகவே கருதப்படும். குடியேற்ற அதிகாரி திருப்பி அனுப்பிவிடலாம். தகுந்த விசா எது என்று பண்ணையோடும் தூதரகத்தோடும் பேசி முடித்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். டெட்டனஸ் தடுப்பூசி, குதிகால் உள்ள காலணி, தலைக்கவசம் மூன்றையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள்.

காலம் பற்றி ஒரு வேண்டுகோள். பலர் மே மாதம் வந்து செப்டம்பரில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வசந்தத்தில் போய் அடுத்த வசந்தம் வரை இருங்கள். கோடையில் நட்ட மூலைக் கம்பமும் புதைத்த குழாயும் அடுக்கிய புல்லும் சரியா என்று ஜனவரிதான் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தவறு தெரிந்தால் மண் இளகியதும் தோண்டி, அதே இடத்தில் மறுபடி நடுவதற்கும் நேரம் இருக்கும்.